தாய்க் கோழி

மல்லிக் கட்டின் வேரை ஒரே வெட்டாய் வெட்டி
வாளிக்குள் எறிவேன். மண்ணோடு விட்டால்
நிறுவையில் சண்டை வரும்.
திருநெல்வேலிச் சந்தையில் பன்னிரண்டு வருசம்
ஒருத்தரும் அந்த வாளியை எட்டிப் பார்த்ததில்லை.

மாசியில் ஒருவன் வந்து நின்றான்.
"அக்கா, அந்த வேரை எனக்குத் தாங்கோ."
"முயலுக்கோ?"
"கோழிக்கு."
பக்கத்துக் கடைப் பவளம் விழுந்து சிரித்தாள்:
"எந்த ஊர்க் கோழி மல்லிவேர் தின்னுது?"

பெயர் நேசரூபன். ஆடியபாதம் வீதியில்
பீப்பா ஒன்றை நெடுக்காக அறுத்துக் கிடத்தி
சிரட்டைக்கரி மூட்டியிருக்கிறான்.
பலகையில் சிவப்புப் பெயின்ற்: தாய்க் கோழி.
முதல் கிழமை வந்த சனமெல்லாம்
"குஞ்சுகளை என்ன செய்தனி?" என்று கேட்டதாம்.
"தாய்லாந்து எண்டு முழுக்க எழுத
பலகை காணாது, அக்கா."

விற்காத கத்தரிக்காய்ப் பையோடு
ஒரு பின்னேரம் போய்ப் பார்த்தேன்.
நகத்தால் சுரண்டிக் கழுவிய என் வேர்கள்
உள்ளியோடும் வெள்ளை மிளகோடும்
உரலில் இடிபட்டன.
இலையின் மணமில்லை அது.
கிணற்றுக்குள் குனிந்தால் முகத்தில் படுமே, அந்த ஈரம்.

கோழியை நெஞ்சால் பிளந்து
பாய் மாதிரி விரித்து,
பனங்கட்டியும் மீன்சோஸும் சேர்த்த அரைப்பில்
இரவிரவாய் ஊறவிட்டு,
(சோஸ் போத்தல் கொழும்பு பஸ்ஸில் வரும்,
வராவிட்டால் அன்றைக்குக் கடையில்லை)
நடுவால் கிழித்த பூவரசந்தடிக்குள் செருகி
நுனியைக் கம்பியால் கட்டுகிறான்.
கொழுப்பு சொட்டிச் சுவாலை எழும்பினால்
ஒரு பிடி சாம்பல்.
"அவசரப்பட்டா தோல் கருகும், எலும்பில ரத்தம் நிக்கும்.
நெருப்பு இருக்கெண்டே கோழிக்குத் தெரியப்படாது."

தொட்டுக்கொள்ளப் புளியும் செத்தல் தூளும்
வறுத்து இடித்த அரிசியும்.
அங்கே ஒட்டுற சோறாம். இங்கே றோஸ்ற் பாண்.

நல்லூர்க் கொடி ஏறியது.
இருபத்தைந்து நாளும் பீப்பா குளிர்ந்து கிடக்க
என் சாக்கில் குந்தியிருந்து மல்லி கட்டித் தந்தான்.
கேட்காமலே சொன்னான்:
பாங்கொக்கில் ஒன்பது வருசம், ஒரு கடிதத்துக்காக.
வேலை செய்ய அனுமதியில்லை.
நொய் என்றொரு மனிசியின் தள்ளுவண்டியில்
விசிறி பிடித்தானாம்.
பொலிஸ் வந்தால் விசிறியைப் போட்டுவிட்டு
கோழி வாங்க வந்தவன் மாதிரி முன்னால் நிற்பான்.
அவளும் காசு வாங்கி, மிச்சம் எண்ணி,
பொதி கட்டிக் கொடுப்பாள்.
"ஒரே கோழிய ஒருநாள் மூண்டு தரம் வாங்கினனான்."

சிரித்து முடித்த பிறகு கேட்டேன்:
"கடிதம் வந்ததோ?"
"வந்தது."
வாழைநாரை இறுக்கினான். அறுந்தது.
இன்னொன்றை எடுத்தான்.

தீர்த்தம் முடிந்து நாலாம் நாள்
வாளிக்குக் கை நீட்டினான்.
"முப்பது ரூபா."
"இவ்வளவு நாளும் சும்மா தந்தனீங்கள்!"
"பவளமும் இப்ப வெட்டி வைக்கிறாள். ரெண்டு ஹோட்டல்காரர் கேக்கினம்.
வேருக்கு விலை வந்திட்டுது, தம்பி."
முகம் மலர்ந்ததை மறைத்துக்கொண்டு
இருபது என்றான்.
இருபத்தைந்தில் முடிந்தது.

அன்றிரவு நானும் வரிசையில் நின்றேன், காசோடு.
பலகையில் எழுத்துக்குக் கீழே
ஆரோ கரியால் மூன்று குஞ்சு கீறியிருந்தார்கள்.
அவன் அழிக்கவில்லை.