எந்த அரை

பதாகைக்கு "செமி புரொபெஷனல்" என்று எழுதிக் கொடுத்தாராம் காரியதரிசி.
தமிழில் என்ன போட என்று அச்சகத்துப் பையன் கேட்க,
ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும்வரை யோசித்து
"அரைத்தொழில்முறை மகளிர் உதைபந்தாட்டக் கழகம், மட்டக்குளி."
அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல்
மதிலில் குந்தியிருக்கும் பெடியன்கள் கேட்கிறார்கள்:
"அக்கா, எந்த அரை?"

மேல் அரை புறக்கோட்டைப் புடவைக்கடையில் காசு மேசை.
கீழ் அரை இடது பின்களம்.
முதலாளிக்கு என்னை இடுப்புக்கு மேலேதான் தெரியும்.
மேசைக்கு அடியில்
கறுத்த பெருவிரல் நகம்
செருப்பைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்கும்.

ஆட்டத்துக்கு ஆயிரத்து இருநூறு.
என்வலப்பில் பெயர் எழுதித் தருவார்கள்.
என் பெயர் செவ்வந்தினி.
இதுவரை செவந்தி, செல்வநதி,
ஒருமுறை செல்வநாதன்.
செல்வநாதனும் கையெழுத்துப் போட்டுக் காசை வாங்கினாள்.

உடை மாற்றுவது சனசமூக நிலையத்தின் கதிரை அறையில்,
செத்தவீடுகளுக்கு வாடகைக்குப் போகும் பிளாஸ்டிக் கதிரைகளுக்கு நடுவே.
பஸ்மிலா முழங்காலுக்குப் பட்டி சுற்றுகிறாள்.
இமாஷா இராணுவத்திலிருந்து லீவில்.
கடிதத்தில் காரணம்: பல் பிடுங்க.
இந்த வருடம் மட்டும் ஒன்பது பல்.
கோல்காப்பாளர் ரொஷேல்
இரவு முழுக்க கோல் சென்டரில்
அவுஸ்திரேலியாக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நேரே வந்திருக்கிறாள்.
இங்கே அவள் யாரிடமும் கேட்பதில்லை.

புல்லில் எந்த மொழி முந்துகிறதோ அந்த மொழி.
"பிட்டிபஸ்ஸ!" என்று பஸ்மிலா கத்தினால்
பின்னால் ஆள் என்று
காதுக்கு முன் காலுக்கு விளங்கும்.
"விடு, விடு" என்பாள் இமாஷா.
அவளுக்குத் தெரிந்த தமிழில் அது பாதி.
மற்றப் பாதியை இங்கே எழுத முடியாது.

எண்பத்தேழாம் நிமிடம். ஒன்றுக்குப் பூச்சியம். மழை.
அவர்களின் ஒன்பதாம் இலக்கம் ரொஷேலைத் தாண்டிவிட்டாள்.
வெறும் கோல்.
பந்து சேற்றில், அவசரமே இல்லாமல், கோட்டை நோக்கிப் போகிறது.
ஓடினேன் என்று சொல்லமாட்டேன்.
வழுக்கினேன்.
வழுக்கிய இடத்தில் இடது கால் இருந்தது.

கம்பிவலைக்கு மேலால்,
மதிலுக்கு மேலால்,
பெடியன்களின் நனைந்த தலைகளுக்கு மேலால்
களனி ஆற்றுக்குள்.

அது எங்கள் இரண்டாவது பந்து.
முதலாவதை முற்பாதியிலேயே முள்ளுக்கம்பி தின்றுவிட்டது.
மூன்றாவது என்று ஒன்று இல்லை.

விளையாடியவர்கள் எல்லோரும் மதிலேறிப் பார்த்தோம்,
தோற்றுக்கொண்டிருந்தவர்களும்.
மண்நிறத் தண்ணீரில் வெள்ளையாய் ஒரு புள்ளி
பாசிக்கூட்டத்தோடு போய்
முகத்துவாரத்தில் கொஞ்சம் தயங்கி,
ஒரு சுற்றுச் சுற்றி,
கடலுக்குள் இறங்கியது.
விழாமலிருக்க என் தோளைப் பிடித்தபடி ஒன்பதாம் இலக்கம்,
"நல்ல உதை" என்றாள் சிங்களத்தில்.
அவளுடைய கோலைத்தான் நான் ஆற்றில் எறிந்திருந்தேன்.
நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்,
ஆற்றைப் பார்த்தார்,
ஊதி முடித்தார்.

என்வலப்பில் எண்ணூறுதான்.
பந்துக்காக ஆளுக்கு நானூறு கழித்திருந்தார்கள்,
களமிறங்காத சின்னப்பிள்ளைகளுக்கும்.
ஒருத்தியும் ஏசவில்லை.
"அடுத்த பல் உன் கணக்கு" என்றாள் இமாஷா.
இந்தமுறை பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள்.

திங்கட்கிழமை முதலாளி கேட்டார்:
"ஏன் பிள்ளை நொண்டுறாய்?"
"பஸ்ஸில மிதிச்சுப்போட்டாங்கள்."
இரண்டு சேலைக்கு மிச்சக்காசு எண்ணிக் கொடுத்தேன்.

செவ்வாய் இரவு காரியதரிசிக்கு ஓர் அழைப்பு.
உஸ்வெட்டகெய்யாவ கரையில், வலையோடு, ஒரு பந்து.
மார்க்கரில் எழுதிய கழகப் பெயர் அழிந்துவிட்டதாம்,
தொலைபேசி இலக்கம் அழியவில்லை.
மீன்காரர் ஐந்நூறு கேட்கிறார்.
இருநூற்றைம்பதுக்கு மேல் தரமாட்டோம்
என்று சொல்லியிருக்கிறோம்.