ஈரப்பதம்

என் நெஞ்சில் குத்தியிருந்த கறுப்புப் பட்டையை
எழுத்துக்கூட்டிப் படித்தார் இந்திராணியக்கா,
கொள்முதல் நிலையத்தில், கையில் முறத்தோடு.
"எல்டர். தாடிகொண்டா."
பிறகு என் மோவாயைப் பார்த்தார்.
"தாடி அப்புறம். மொதல்ல மீசையக் கொண்டா."
களமே சிரித்தது.
எல்டர் என்றால் மூத்தவர் என்று
நான் விளக்கியிருக்கக் கூடாது.
வயது பத்தொன்பது.

தாடிகொண்டா என்பது குடும்பப் பெயர்.
ஊர் கோதாவரி முடியுமிடம், ராஜோலு பக்கம்.
அங்கேயும் நெல்தான். அங்கேயும் ஆறு
கடலைப் பார்த்ததும் விரலை விரித்துவிடும்.
வெண்ணாற்றுத் தண்ணீரில் வேறு வாசம் என்று
முதல் மாதம் கடிதம் எழுதினேன்.
இப்போது அந்த வாசம் தெரிவதில்லை.

ஒருவர் கண்ணில் ஒருவர்
எப்போதும் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி.
என் துணைவர் எல்டர் குர்ரே, கோர்பாக்காரர்.
நீடாமங்கலம் கேட் மூடிவிட்டால்
விதியே தேவையில்லை.
இரண்டு சைக்கிள், வெயில்,
திசை மாற எஞ்சினைக் கழற்றி மாட்டும் ஒரு ரயில்.
அவர் பாடம் ஒப்பிப்பார்: வாளைப்பளம். வாலைப்பலம்.
பூ விற்கிறவர் வாயைப் பொத்திக்கொள்வார்.

வார அறிக்கையில் கட்டங்கள் உண்டு.
எத்தனை பாடம், எத்தனை பேர் ஆராதனைக்கு.
செவ்வாய் மாலை வருவதாகச் சொன்னவர் வரவில்லை: சுழி.
அன்று காலை பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம்,
அதற்குக் கட்டமில்லை.
புதன் முழுக்க நெல்.
ரோட்டில் காய்வதைக் காலால் கோதிக்கோதி
கணுக்கால்வரை அரிப்பு, காலருக்குள் சுணை.
வியாழன் என்ன செய்தோம்?
பஞ்சர் ஒட்டியது மட்டும் நினைவிருக்கிறது.
வெள்ளியும் நெல்.

"மதம் பேச வந்தீங்களா?" என்றார் சுமைக்கார மருதையன்.
ஆமாம் என்றேன். இப்போது மூட்டைக்கு வந்தோம் என்றேன்.
காப்பி நீட்டினார். குடிப்பதில்லை என்றேன்.
டீ? அதுவும்.
"பின்ன எதுக்குடா காலைல எந்திரிக்கிறீங்க?"
இரண்டு தம்ளரையும் அவரே குடித்துவிட்டு
எங்கிருந்தோ மோர் கொண்டுவந்தார்.
உப்பு அதிகம். இன்னொன்று கேட்டேன்.

பதினேழுக்கு மேல் ஈரமிருந்தால் எடுக்க மாட்டார்கள்.
இந்திராணியக்காவின் நெல்லை மிஷின் இருபத்தொன்று என்றது.
ஒன்பது ராத்திரியாக அவர் குவியல் பக்கத்திலேயே படுக்கிறார்.
சனிக்கிழமை மூன்று மணிக்குக் கிழக்கு இருண்டது.
"மலை வருது!" என்று கத்தினேன்.
"அக்கா, மலை வருது!"
ஒருவர் நிதானமாகத் திரும்பிப் பார்த்தார்.
"டெல்டாவுல ஏதுடா மலை?"
சிரித்து முடிப்பதற்குள் முதல் சொட்டு
தார்ப்பாயில் விழுந்தது.
பிறகு ஓட்டம்தான். கயிறு, செங்கல், சாக்கு.
செங்கல் போதாத மூலையில்
எல்டர் குர்ரே மல்லாந்து படுத்துக்கொண்டார்,
கழுத்து டையோடு, வாயை இறுக்க மூடி.

அன்று இரவு முழந்தாளிட்டபோது
கேட்க வேண்டியவை வரிசையாக இருந்தன:
அம்மாவின் சர்க்கரை, தம்பியின் பரீட்சை,
வராமல் போன அந்த ஆள்.
பதினேழு, என்று மட்டும் சொன்னேன்.
ஆமென்.

ஞாயிறு பதினோரு நாற்காலி போட்டோம்.
ஆறு பேர், எங்களையும் சேர்த்து.

இன்று திங்கள். துவைக்கிற நாள், வீட்டோடு பேசுகிற நாள்.
காலையில் பதினெட்டுக்கு வந்துவிட்டதாம்.
குர்ரே தூங்குகிறார்.
போனில் அம்மா, அங்கே என்ன சத்தம் என்கிறாள்.
எங்கள் பேச்சில் அதற்கு ஒரு சொல் உண்டு,
பிறந்ததிலிருந்து சொன்ன சொல்.
தேடுகிறேன், கிடைக்கவில்லை.
"மழை" என்கிறேன்.
நாக்கு தானாக மடிந்து, இடம் பார்த்து, சரியாக.
அம்மாவுக்குப் புரியவில்லை.

மாடிக் கொடியில் நான்கு வெள்ளைச் சட்டைகள்.
அவை கிடக்கட்டும்.
குர்ரேயை உலுக்குகிறேன், தனியாகப் போகக் கூடாது.
சைக்கிளை எடுத்தாயிற்று.
கேட் மட்டும் திறந்திருக்கட்டும்.