இருபது லிட்டர்

முதல் எறிதலில் எலுமிச்சம்பழம் பின்னால் போனது.
ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு மொத்தமும் குனிந்தது.
தலைமையாசிரியை குனியவில்லை,
அவர் அப்போதுதான் படியேறி வந்திருந்தார்.

பெரம்பூர். மாநகராட்சிப் பள்ளி. மொட்டை மாடி.
கால் ஒடிந்த பெஞ்சின் பலகைதான் நெம்புகோல்.
அச்சுக்கு, மெட்ரோ வேலை நடக்கிற இடத்திலிருந்து
ஒரு குழாய்த் துண்டு.
கேட்டுத்தான் எடுத்தோம்,
பாதி கேட்டு.

குட்டைக் கையில் பளு தொங்க வேண்டும்.
செங்கல் கட்டினோம், கயிறு அறுந்தது.
புத்தகப் பைகளைக் கட்டினோம்,
பலகை சோம்பல் முறித்துப் படுத்துக்கொண்டது.
"இவ்ளோ பாடம் ஏத்தியும்" என்றாள் ஷர்மிளா பானு.
நான் காதில் வாங்காத மாதிரி இருந்தேன்.

"கேன் கட்லாம் மிஸ்."
டில்லிபாபு. இரண்டாம் பீரியடுக்கு வருகிறவன்.
பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே
சிவப்பு மையில் வாரம் முழுக்க என் கையெழுத்து.
கீழே போய், ஸ்டாஃப் ரூமின் நிறை கேனை
இடது தோளில் ஏற்றி
கைப்பிடியைத் தொடாமல் வந்தான்.
மூச்சு மாறவில்லை.

எஸ்தர் அச்சைக் கேன் பக்கம் நகர்த்தினாள்.
இருபது கிலோ, ஒரு மீட்டர், விழுந்தது.
பழம் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி
சிமென்ட் தூசி படிந்த வேப்பமரத்தையும் தாண்டி
எங்கள் கூச்சலுக்கு எட்டாத இடத்தில் போய் விழுந்தது.

வேலை என்றால் விசை பெருக்கல் இடப்பெயர்ச்சி என்றேன்.
"அப்போ காலைல நான் செய்றது?"
"எத்தனை கேன்?"
"இன்னிக்குப் பதினெட்டு."
"எல்லாம் மூணாவது மாடியா?"
"லிஃப்ட் இருக்கற வீட்டுக்கு அண்ணன் போவான் மிஸ்."

தரையிலேயே சாக்பீஸால் போட்டோம்.
ஒன்பது மீட்டர் உயரம். பதினெட்டு நடை.
முப்பத்தோராயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டு ஜூல்.

"அத்தனையும் ஒரே அடியா இந்தப் பழத்துக்குக் குடுத்தா?"
கேட்டது கீர்த்திவாசன். கணக்கில் முப்பத்தாறைத் தாண்டாதவன்.
காற்றைத் தள்ளுபடி செய்தோம். உராய்வையும்.
பழம் ஐம்பது கிராம், நாற்பத்தைந்து டிகிரி.
நூற்று முப்பது கிலோமீட்டர் வந்தது.
நம்பாமல் திரும்பப் போட்டோம். அதேதான்.
போனில் வரைபடம்: நேர்க்கோட்டில்
வேலூர்க் கோட்டை நூற்றிருபது சொச்சம்.

"தாண்டிப் போயிடும்டா!"
அகழி போச்சு, மதில் போச்சு,
ஆளாளுக்கு ஒரு பீரங்கிச் சத்தம்.
டில்லிபாபு மட்டும் லோகோ ஒர்க்ஸ் கூரைகளுக்கு மேலே
மேற்கைக் கொஞ்ச நேரம் பார்த்தான்,
அங்கே யாருக்கோ டெலிவரி பாக்கி இருக்கிற மாதிரி.

பிறகு கேட்டான்:
"பெல் அடிச்சுட்டு, கதவு தொறக்கறவரைக்கும்
நிக்கறதுக்கு எவ்ளோ மிஸ்?"
"கேன் தோள்லயா?"
"கீழ வெச்சா ஈரம்னு திட்டுவாங்க."

நகரவில்லை அல்லவா,
பூஜ்யம் என்றேன்.
எழுதிக்கொண்டான். அடிக்கோடும் இட்டான்.

என் வீடும் மூன்றாம் மாடி.
லிஃப்ட் கிடையாது.
மூன்றாவது விசில் வரட்டும் என்று
சில காலைகளில் குக்கர் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன்.
வெளியே நிற்பவரின் பெயர் எனக்குத் தெரியாது.

நான்காவது எறிதலில் கேன் தரையில் மோதி விரிந்தது.
தண்ணீர் கணக்கின் மேல் ஓடி
முதலில் ஒன்பது மீட்டரை அழித்தது,
பிறகு பதினெட்டை.
பழம் எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை.

"டெபாசிட் நூத்தம்பது" என்றான்,
இதுவரை கேட்ட கேள்விகளோடு ஒட்டாத குரலில்.
கொடுத்தேன்.
குனிந்து நீல மூடியைத் தேடி எடுத்து,
துடைத்து,
"இது நல்லாத்தான் இருக்கு" என்று
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.