ரெண்டு தடவை அடித்தால் படகு

தொலைநோக்கியைப் பழைய மெத்தையில் சுருட்டி
உரச் சாக்கில் போட்டுக் கட்டினோம்.
"பொணம் மாதிரி இருக்கு" என்றான் முபாரக்.
வைரக்கண்ணு முறைத்தார்:
"படகுல அந்தப் பேச்சு வேணாம்."

கடலுக்குப் போகும் அவசரத்தில்
கொள்ளிடம் மறந்துவிட்டுப் போன மூன்று திட்டுகள்:
கோரைத்திட்டு, நடுப்படுகை, சங்குமேடு.
மூன்றுக்கும் ஒரே மார்கழி இரவு,
ஒரே ஒரு டீசல் படகு.
வத்தத்துக்கு முன் சேராவிட்டால்
இடுப்பளவு சேற்றில் இறங்கி
வியாழனைத் தலையில் சுமக்க வேண்டும்.

மூன்று வாரம் மனு எழுதினேன்.
தெருவிளக்கை ஒரு மணி நேரம் அணைக்கச் சொல்லி மின்வாரியத்துக்கு.
லைன்மேன் சிரித்தார்: "சங்குமேட்டுல இருக்கறதே ரெண்டு.
அதுல ஒண்ணு போன புயலோட போச்சு."
அக்கரை இறால் பண்ணைக்கு ஒன்று.
"வெளிச்சத்த நிறுத்துறேன், காத்துச் சக்கரத்த நிறுத்த மாட்டேன்"
என்றார் ஹாஜா மைதீன்.
"உங்க நட்சத்திரம் நாளைக்கும் இருக்கும். என் இறால் இருக்காது."
நியாயம்.

கோரைத்திட்டில் முதல் கேள்வி
மகளிர் குழுச் செண்பகவல்லியுடையது:
"நாங்க கேட்ட பாலம் இதுல தெரியுமா?"
எல்லோரும் சிரித்தார்கள்.
கேள்விகளுக்கென வைத்திருந்த பக்கத்தில்
அதை முதலாவதாக எழுதி
விடைக்கு இடம் விட்டேன்.

திட்டம் எளியது.
ஒன்பது நாற்பத்தேழுக்கு வியாழனின் நிலா ஒன்று
அதன் நிழலுக்குள் போகும்.
மறைந்ததும் ஒவ்வொரு திட்டும்
ரெண்டு தடவை டார்ச் அடிக்க வேண்டும்.
யார் கண்ணுக்கு எந்த நொடியில் போனது என்று குறிக்கலாம்.

அது அணையவில்லை.
வாயிலிட்ட கற்கண்டாய்க் கரைந்தது.
"போச்சு!" "இருக்கு!" "போச்சுடா!"
ஒற்றைக் கண்ணை இறுக மூடியிருந்த தர்ஷினி
கடைசியில் "இப்பதான்" என்றாள்.
அடித்தோம்.
எட்டு நொடி கழித்து நடுப்படுகை.
பதினொன்றில் சங்குமேடு.
நான் துள்ளிக் குதித்தேன்.

அப்போதுதான் மோட்டார் சத்தம் கேட்டது.

வைரக்கண்ணு கரையில் பாய்ந்து இறங்கினார்,
சட்டை இல்லாமல், கையில் கயிற்றுக் கட்டிலோடு.
"யாருக்கு? பாம்பா, பிரசவமா?"

ராத்திரியில் ரெண்டு தடவை வெளிச்சம் அடித்தால்
இந்த ஆற்றில் அதற்கு ஒரே அர்த்தம்.
நான் யாரிடமும் கேட்கவில்லை.
அத்தனை மனுவில் அவருக்கு ஒன்று இல்லை.
"மூணு பக்கமும் ரெண்டு ரெண்டா வருது.
எந்தப் பக்கம் திருப்புறதுன்னு தெரியாம
நடு ஆத்துல நின்னேன் தங்கச்சி."

மன்னிப்புக் கேட்டேன். குரல் சரியாக வரவில்லை.
செண்பகவல்லி டீ கொடுத்தாள்.
குடித்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.
"எங்க அது?"
"மறைஞ்சிடுச்சு."
"போனப்புறம் கூப்பிட்டிருக்கீங்க."
அந்த வெளிச்சம் கிளம்பியே முப்பத்தாறு நிமிஷம் ஆகிறது,
நாம் பார்க்கும் முன்னமே அது போய்விட்டது என்றேன்.
கண்ணை எடுக்காமலே சொன்னார்:
"அக்கரை ஆஸ்பத்திரிக்கும் அவ்வளவுதான் ஆவுது.
வத்தம் இல்லன்னா."

மறுநாள் அறிக்கைக்கு உட்கார்ந்தபோது
ஜெசிந்தா சொன்னாள்:
சங்குமேட்டில் ஒன்பதரைக்கே மேகம் மூடிவிட்டது.
ஒன்றுமே தெரியவில்லை.
"அப்புறம் ஏன் அடிச்சீங்க?"
"நாங்க அடிக்கல மேடம். ஊர்க்காரங்க.
அந்தப் பக்கம் வெளிச்சம் பார்த்ததும்
யாருக்கு என்னவோன்னு
ஆளாளுக்கு டார்ச்ச எடுத்துட்டாங்க.
படகுக்கு அது தெரியாமப் போயிடக் கூடாதுல்ல."

அட்டவணையில் சங்குமேட்டுக்கு நேரே
அவதானிப்பு இல்லை என்று எழுதினேன்.
அதுதான் சரி.
குறிப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது.
செய்தி கடத்தப்பட்டது என்று எழுதி
அடித்தேன்,
பிறகு மறுபடி எழுதினேன்.

அடுத்த முறைக்குப் பச்சைத் தாள் ஒட்டிய விளக்கு.
முதல் மனு, படகுத் துறைக்கு.