தேயத் தெரியும்

இரண்டு பெயருக்கு நடுவில் ஒரு பெருக்கல் குறி.
இந்தப் பக்கம் ‘உவர்’:
உவர்மலைக் கஜரூபனின் ரீசேர்ட் கடை,
வாடகை இரண்டு மாதம் பாக்கி.
அந்தப் பக்கம் பண்டுங்கில் ஒரு சப்பாத்துக் கம்பனி.
படம் கீறிய என் பெயர்
நாக்கில் இருக்கிறது,
சப்பாத்து நாக்கின் உட்புறம்,
துவைக்கும் முறைக்குக் கீழே.

‘திருகோணமலை மாதிரி ஏதாவது’ என்றார்கள்.
கோபுரம் வேண்டாம், டொல்பின் வேண்டாம் என்று
நான் மானைக் கீறினேன்:
கோட்டையால் இறங்கி வந்து
இரவு பதினொரு மணிக்கு பேக்கரி வாசலில்
லஞ்ச் சீற் சப்பி நிற்கிற மான்.
மான் நல்லம், சீற் வேண்டாம் என்றது கம்பனி.
சீற் இல்லாவிட்டால் அது வேறு ஊர் மான் என்றேன்.
மூன்று வாரம் சண்டை.
கஜரூபன் இரண்டு பக்கமும் தலையாட்டினான்.

கடைசியில் பண்டுங்கில் யாரோ ஒரு தையல்காரி
(பெயர் கேட்டேன், சொல்லவில்லை)
வழி சொன்னாள்:
மேலே கறுப்புத் தோல், கீழே படம்.
பலகையின் மணற்தாள் உரச உரச
தோல் தேயும்,
மான் வெளியே வரும்.

இருநூறு சோடி.
பதினொரு நிமிடத்தில் முடிந்தது.
பிறகு ரொறன்ரோவில் மூன்று மடங்கு விலை,
‘பெட்டி திறக்கப்படவில்லை’ என்று
பெருமையாக.

டச்சு வளைகுடாப் பக்கம்
வீடில்லாத ஒரு வீட்டுத்தரை.
கடல் சுவர்களைக் கொண்டுபோன பிறகும்
சிவப்புச் சீமெந்து வழுவழுவென்று கிடக்கிறது,
அறைக்கு அறை கோடு தெரிய.
பாலையூற்று டெல்றின்
குசினியில் எழும்பி
விறாந்தையில் இறங்குவாள்.
சாமியறையை மட்டும் சுற்றிப் போவாள்,
ஏனென்று கேட்டால்
அங்கே வெடிப்பு இருக்கு என்பாள்.
போட்டோவுக்கு நின்ற கூலி
அவளுக்கு ஒரு சோடி.

ஆறாம் கிழமை ஒரு படம் அனுப்பினாள்:
இடது கால், சின்னவிரல் பக்கம்,
ஒரு காது.
அடுத்த கிழமை கண்.
நேற்று வாய்,
வாயில் கசங்கிய சீற்,
கம்பனி கடைசிவரை பார்க்காத அந்த வெள்ளை.

கீழே எழுதியிருந்தாள்:
அக்கா, மான் வந்திட்டுது.
மழைத்தண்ணியும் உள்ளுக்க வருது.
ஒட்டுறதுக்கு என்ன பசை நல்லம்?