தண்ணி கொதிக்கல்ல

எட்டுத் தசம் ஒன்பது.
துண்டில் எழுதி வட்டம் போட்டுவிட்டு
என் கீழிமையை இழுத்துப் பார்த்தா மிஸ்.
"என்ன தொழில்?"
கல்முனை பஸ் நிலையத்தடியில்
தேத்தண்ணிக் கடை என்றேன்.
பேனையை மூடி வைத்தா.

கீரை தின்கிறேன் மிஸ், பொய்யில்லை.
பொன்னாங்காணி, முருங்கையிலை,
கிழமைக்கு நாலு நாள்
தேங்காய்ப்பூப் போட்டு வறை.
"தின்ற கையோடு என்ன குடிக்கிற?"
அந்தக் கேள்விக்கு
நகத்திலிருந்த சாயக்கறை பதில் சொன்னது.

கீரைக்குள் இருக்கிற இரும்பு கூச்சக்காரன்.
குடலின் வாசல்வரை வருவான்,
தனியே உள்ளே வரமாட்டான்.
தேசிப்புளி கையைப் பிடித்தால் வருவான்.
சாயத்தைக் கண்டானோ
அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே
மற்ற வாசலால் போய்விடுவான்.
நான் காய்ச்சுகிற சாயம்.

மறுகா,
குளிசையை விடியப் பச்சைத் தண்ணியோடு விழுங்கி,
மத்தியானம் வறையை அடுப்பால் இறக்கி
சூடு தணியவிட்டு
அரைத் தேசிக்காய் பிழிந்தேன்.
அதெல்லாம் லேசு.

பிறகு வருகிற ஒரு மணித்தியாலம் இருக்கிறதே!
முழங்கைக்குப் பக்கத்தில் கேத்தில் மூச்சுவிடும்.
கொண்டக்டருக்கு ஒன்று, மீன்காரருக்கு ஒன்று,
இஞ்சி தட்டி, சீனி கூட்டி,
உயர்த்தி உயர்த்தி ஆற்றிக் கொடுக்க
எனக்கு ஆவி மட்டும்.
மணிக்கூட்டைப் பார்த்தால் நகராது. பஸ்ஸை எண்ணினேன்.
மட்டக்களப்பு இரண்டு, அம்பாறை ஒன்று,
கடைசியில் பொத்துவில்.
பொத்துவில் பஸ் புறப்பட்டால் நான் குடிக்கலாம்.

மூன்று மாதத்தில் பத்துத் தசம் நாலு.
மிஸ் இந்தமுறை வட்டம் போடவில்லை.

சாய்ந்தமருதுப் பிள்ளை ஒருத்தி, சில்மியா,
புடவைக்கடையில் நிற்கிறவள், ஐந்து மாதம்.
என் வாங்கிலிருந்துதான் சோறு தின்பாள்.
கங்குன், பருப்பு, வெளுத்த உதடு.
கை கழுவிய ஈரத்தோடு
"வெறுந்தேத்தண்ணி ஒன்று, அக்கா" என்றாள்.
தண்ணி கொதிக்கல்ல என்றேன்.
முதுகுக்குப் பின்னால்
கேத்தில் மூடி துள்ளித் துள்ளி ஆடியது.
மூடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
எழும்பி
பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாள்.
ஐம்பது ரூபாய் அங்கே விழுந்த சத்தம்
எனக்குக் கேட்டது.

இன்றைக்கு அவள் சோற்றுப் பெட்டியைத் திறக்க
அரைத் தேசிக்காயை மூடியில் வைத்தேன்.
ஒன்றும் கேட்காமல் பிழிந்தாள்.
தின்று முடித்துத் தேத்தண்ணி கேட்டாள்.

"பொத்துவில் பஸ் இன்னும் போகல்ல, தங்கச்சி."

"நான் பொத்துவிலுக்குப் போகல்லியே, அக்கா?"

இரு, சொல்றன்.