பனிக்கு நாற்பத்தொரு டிகிரி

மில்டூராவில் டிசம்பர் பதினான்கு.
வெளியே நாற்பத்தொன்று.
உள்ளே வட்டாரச் சிம்பனிக்காரர்கள் ஐம்பத்திரண்டு பேர்
பனி பெய்விக்க வந்திருக்கிறோம்.

ஏசி காலையிலேயே கைவிட்டுவிட்டது.
வயோலாவின் இரண்டாம் தந்தி
சுருதி சேர்த்த மறு நிமிடமே இறங்குகிறது,
ஈரத்துணி ஏறிய கொடிக்கயிறு மாதிரி.
கறுப்புதான் உடுத்த வேண்டும், முழுக்கை.
முன்னால் உட்கார்ந்திருக்கும் ஹெதரின் முதுகில்
வியர்வை ஒரு தேசப்படம் வரைகிறது.
இடைவேளைக்குள் இரண்டு தீவுகளும் சேர்ந்துவிட்டன.

பகலில் நான்
உலர்திராட்சை ஆலையில் ஈரப்பதம் பார்ப்பவள்.
பதின்மூன்று சதவீதத்தைத் தாண்டினால்
பெட்டியைத் திருப்பி அனுப்புவேன், யார் பெட்டியானாலும்.
மாலையில் வயோலா, கடைசி வரிசை.
தனியாக யார் காதிலும் விழாத இடம்.
அது ஒரு வசதி.

கிளைவ் ப்ரெண்டர்காஸ்ட் ஹார்ன் வாசிப்பவர்.
ஹார்ன் என்றதும் லாரியை நினைக்காதீர்கள்.
நத்தை போலச் சுருண்ட பித்தளை அது.
கன்று தடங்கிய பசுவுக்கு வைத்தியம் பார்ப்பதுபோல
வலக்கையை அதன் வாய்க்குள் விட்டபடி வாசிப்பார்.

சறுக்குவண்டி இசை தொடங்கியது.
குதிரைச் சதங்கையைக் குலுக்குபவர் சவேரியோ,
பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்.
பனியையே பார்த்திராத பிள்ளைகள்
முன்வரிசையில் குதிக்கிறார்கள்.

அப்போதுதான் கிளைவின் இடுப்பில் அது அலறியது.
அடுத்து டபுள் பேஸ் பக்கம்.
அடுத்து டிரம்பெட் மூலையில்.
மூன்று பேஜர், மூன்று சுருதி,
ஒன்றும் எங்களோடு சேரவில்லை.
மூவரும் எழுந்தார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை.
குடித்துவிட்டு வந்த தம்பியைக் கிடத்துவதுபோல
ரொவீனா தன் பேஸைத் தரையில் சாய்த்துவிட்டு ஓடினாள்.
வெர்ரிமல் பக்கம் அறுவடை இயந்திரத்தில் தீ,
கோதுமைத் தாளில் ஏறிவிட்டதாம்.
இதெல்லாம் பின்னால் தெரிந்தது.
அப்போது தெரிந்தது
பக்கக் கதவு திறந்ததும் உள்ளே வந்த
அடுப்படிக் காற்று மட்டும்.

பிலிப்பா கோலை நிறுத்தவில்லை.

இரண்டு உருப்படி தாண்டி அந்த இடம் வந்தது.
எட்டு பார் ஹார்ன் தனியாக.
பனிக்காட்டுக்குள் யாரோ தூரத்தில் அழைப்பதுபோல
எழுதி வைத்திருக்கிறார்கள்.
அடியில் செல்லோக்கள் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும்.
மற்றவர்களுக்கு ஓய்வு.
ஹெதர் கால்விரலால் எண்ணுவாள்.
நான் தொடையில் ஒரு தட்டு,
பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்.
எட்டு பார் என்பது ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனம்.

பிலிப்பா இடப்பக்கம் திரும்பினாள்.
ஹார்ன் மட்டும் கிடந்த நாற்காலியை
நேராகப் பார்த்தாள்.
உள்ளங்கை மேலாக இடக்கையை நீட்டி
வா, என்றாள்.

முதல் ஆவர்த்தனம்.
யாரோ நிகழ்ச்சித்தாளால் விசிறிக்கொள்ளும் சத்தம்.
"யாரைக் கூப்பிடறாங்க?" என்றது ஒரு பிள்ளை.
யாரும் பதில் சொல்லவில்லை.
இரண்டாவதில், டீக்கின் அவென்யூ வழியே
தீயணைப்பு லாரி போயிற்று, ஹார்ன் அடித்தபடி.
சுருதி கால் ஸ்வரம் தாழ்வு.
பிலிப்பா அதற்கும் தாளம் போட்டாள்,
அது கேட்காமல் போகும்வரை,
போன பிறகும்.
நான் எண்ணிக்கையைத் தவறவிட்டேன்.
ஹெதரின் தோள் அசைந்ததைப் பார்த்து வில்லை வைத்தேன்.

இரவு பதினொன்றரை.
நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது கிளைவ் வந்தார்.
மஞ்சள் கோட்டுக்குள் கச்சேரிச் சட்டை.
"முந்நூறு ஏக்கர் போச்சு. வீடு இருக்கு."
மீதியிருந்த பழ டார்ட்டில் இரண்டை
நின்றபடியே தின்றார். விரல் கரி டார்ட்டில் ஒட்டியது.
பிறகு ஹார்னைத் தூக்கி, பழக்கத்தில்
எச்சில் நீர் வடியக் கவிழ்த்து உதறினார்.
ஒரு சொட்டு விழவில்லை.

"என் இடத்துல என்ன செஞ்சா?"
"விட்டு வெச்சா."
"எட்டு பாரும்?"
"எட்டு பாரும்."
கொஞ்சம் யோசித்தார்.
"அவசரப்பட்டிருப்பா," என்றார்,
"அந்த இடத்துல அவ எப்பவும் அவசரப்படுவா."